எத்தனை வீடு

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு,
மூன்றாவது தண்டவாளத்துக்கு அப்பால்
மூட்டை கிழிந்து மழையில் இறுகிப்போன சிமெண்ட் கட்டி.
புரட்டினால் நீளக்கால் மஞ்சள் எறும்புகள்
முட்டைகளைக் கவ்விக்கொண்டு நாலாபக்கமும் சிதறும்.
நான் எறும்புக்கு வரவில்லை.
அவற்றின் நடுவே
எள்ளளவு பழுப்பாய், கூன் விழுந்து,
இறக்கையில்லாமல் ஒன்று இருக்கும். அதற்கு வந்தேன்.
சுவர்க்கோழி இனம்தான். பாடாது.
பாடினால் கொன்றுவிடும் வீட்டில்
குடியிருக்கிறது.

"இன்னாமா, கம்மல் எதுனா உயுந்துடுச்சா?"
ஏகாம்பரம். மூட்டை தூக்குகிறவர்.
வாயில் உறிஞ்சுகுழாய்.
பேசினால் பூச்சி நழுவிவிடும்.
தலையை மட்டும் ஆட்டினேன்.

நோட்டில் ஒரு பத்தி இருக்கிறது: எத்தனை வீடு.
ஒரு வகைக்கு ஏழு என்று எழுதியிருக்கிறேன்.
கட்டெறும்பின் வளை, பிள்ளையார் எறும்பின் விரிசல்,
நெருப்பெறும்பின் மேடு, எங்கும் அதைப் பார்த்தாயிற்று.
யாரும் அதற்கு ஊட்டுவதில்லை.
ஓடிக்கொண்டே திருடும்.
எறும்பின் முதுகை உரசி
அந்த வீட்டு வாசனையைக் கொஞ்சம் பூசிக்கொள்ளும்.
பூச்சு கலைவதற்குள் அடுத்த வீடு.
பின்னங்கால் இரண்டும் வில்.
மீசையில் பாதி இல்லை,
எந்த வீட்டில் போனதோ.

இன்னொரு வகைக்கு எதிரே: ஒன்று.
மஞ்சள் எறும்பு மட்டும்.
எறும்பின் வாயைத் தட்டும்,
எறும்பு தன் வயிற்றிலிருந்து கக்கித் தரும்.
பிள்ளைக்குத் தருவது போலத்தான், கணக்கில்லாமல்.
விரல் நீட்டினாலும் நகராது. கால் மந்தம்.
ஓட வேண்டிய அவசியம்
அந்த வம்சத்துக்கு எப்போதோ போய்விட்டது.

ஆராய்ச்சிக்கூடத்தில் அதைக் கட்டெறும்போடு விட்டோம்.
நான்கு நிமிஷம்.
வேறொன்றைத் தனியே குப்பியில் வைத்தோம்:
சர்க்கரைத் தண்ணீர், மீன்தூள், நனைத்த பஞ்சு.
மூன்றாம் நாள்
சர்க்கரைக்குப் பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
பட்டினி என்று எழுதச் சொன்னார் தேவநேசன் சார்.
சர்க்கரை ஊற்றியவள் நான்.
பட்டினி என்று எழுதினேன்.

ஏகாம்பரத்துக்கு அந்தப் பத்தியில் இடம் போதாது.
ஆடி ஞாயிறு செரியன் நகர் கூழ்.
நோன்பு மாதம் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளி.
டிசம்பரில் ராயபுரத்துக் கேக்.
பழைய வண்ணாரப்பேட்டை மண்டபங்களில் இரண்டாம் பந்தி,
பெண்வீட்டாரிடம் மாப்பிள்ளை வீடு,
மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்வீடு.
கை கழுவும் இடம் எல்லா மண்டபத்திலும் தெரியும்.
"இன்னும் கொஞ்சம்" என்று
எந்த மண்டபத்திலும் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

எனக்குத் தண்டையார்பேட்டையில் அக்கா வீடு.
பதினோரு வருஷம்.
வஞ்சிரத் தலையை மாமா என் தட்டில்தான் வைப்பார்.
ரேஷன் கடை எந்தத் தெருவில் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஹவுசிங் போர்டு கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம்.
பெரும்பாக்கத்தில் கிடைக்கப்போவது ஒரே அறை.
அக்கா எதுவும் சொல்லவில்லை.
நேற்று குழம்பு ஊற்றும்போது
கரண்டி என் தட்டுக்கு மேலே
கொஞ்சம் நின்றது.

இன்று கிடைத்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்.
ஓடவில்லை. மீசையால் என் தோலைத் தட்டியது,
ஒரு முறை, மறுபடி ஒரு முறை.
என்னிடம் கக்கித் தர எதுவுமில்லை.
கட்டிக்கு அடியில் இறக்கிவிட்டேன்.
நோட்டில் குறிக்கவில்லை.

ஏகாம்பரம் சட்டையை உதறி மாட்டிக்கொண்டிருந்தார்.
"மூலகொத்தளத்துல வளகாப்பு. வர்றியா?"
யார் வீடு?
"பேர் தெர்ல. வாழமரம் கட்டிருப்பாங்க."
சிரித்தபடி நடக்கத் தொடங்கிவிட்டார்,
வேகன்களுக்கு நடுவே, வேகமாக.

எழுந்து நிற்கப் பார்த்தேன்.
குந்தியே இருந்ததில்
கால் மரத்துப் போயிருந்தது.